உதிரி

நவம்பர் ரெண்டு. காசிமேட்டுக் கல்லறை வாசல்ல
வருசத்துக்கு ஒரு நாள் எனக்குத் தீபாவளி.
மெழுகுவத்தி பாக்கெட் முப்பது, ரோஜா மாலை நூத்தம்பது.
பேரம் பேசினா செத்தவங்களுக்கு ஆவாது.

பெர்க்மான்ஸ் ஆட்டோவுல ஒருத்தன இட்டுனு வந்தான்.
கப்பல்காரன். பேரு எலாதியோ. மெக்சிக்கோ.
கடலே இல்லாத ஊராம்,
மலைக்கும் சோளக்கொல்லைக்கும் நடுவுல.
கடல் இல்லாத ஊர்க்காரனுக்குக் கப்பல்ல இன்னா வேலன்னேன்.
"உன் வூட்டுக்காரன் கடல்லயே பொறந்தான், இன்னா ஆச்சி?"
பெர்க்மான்ஸ் கேட்டான்.
வாய மூடிக்கினேன்.

அவன் அம்மா செத்து நாப்பது நாள்கூட ஆவல.
கப்பல் நங்கூரத்துல, சம்பளம் மொதலாளி பாக்கெட்டுல.
ஒரு நாளைக்கு ஒரு கல்லறை வேணுமாம்.
வாடகைக்கு.
ஐயே! பத்து மாச அட்வான்ஸ் கேட்டவங்களப் பாத்துருக்கேன்,
இத்த இப்பதான் பாக்குறேன்.

போன்ல ஊரக் காமிச்சான்.
ஒரே தெரு. குறுக்க குறுக்க
கலர் பேப்பர வெட்டின தோரணம்.
சுதி சேராத பேண்டு செட்டு, பின்னால ஒரு நாய்.
பாதி வூடுங்க மாடி இல்லாம கம்பி நீட்டினு நிக்குது.
ஆம்பளைங்க எல்லை தாண்டிப் போயிட்டாங்க,
பணம் வந்தா மேல ஏத்துவாங்க.
எங்க தெருவுல ஜார்ஜினா வூட்டுக் கம்பியில
ஏழு வருசமா துணி காயுது.
அவ புள்ள குவைத்துல.

ஒரு வண்டி போவுது.
மைக்குல சின்னப் பொண்ணு குரல், ராகமா இழுக்குது.
ஜெபமான்னு கேட்டேன்.
பெர்க்மான்ஸ் விசாரிச்சிட்டுச் சிரிச்சான்:
"பழைய கட்டில், பழைய இரும்பு, ஓடாத பிரிட்ஜு!"
அதே நேரம் எங்க ரோட்டுல
பழைய இரும்பு, ஈயம், பித்தாள போச்சின்னா நம்புவீங்களா?
போவல. மறுநாள்தான் போச்சி.

கட்டின பூ வேணான்னுட்டான்.
உதிரி கேட்டான். செண்டுமல்லி.
ஆயுத பூசைக்கு லாரி மூஞ்சியில மாட்டுவமே, அது.
பேர்ல மல்லி, மோந்தா பச்சில.
அவங்க ஊர்லேர்ந்து வந்த பூவாம்.
யார் கொண்டாந்தா, எந்தக் கப்பல்லன்னு கேக்கலாம்.
கியூ நிக்குது.

இதழ் இதழா பிச்சி
வாசல்லேர்ந்து உள்ளாற பாதை போட்டான்.
செத்தவங்களுக்குக் கண்ணு போயிடுமாம், மூக்குதானாம்.
வாசன புடிச்சினு வருவாங்களாம்.
வாட்ச்மேன் சூசைநாதன் குப்பன்னு கத்துனான்.
ஒரு முழம் ரோஜா குடுத்து அடக்குனேன்.

கடைசி வரிசையில, முள்ளுச்செடிகிட்ட,
பேரு அழிஞ்ச கல்லு ஒண்ணு.
டம்ளர்ல தண்ணி, கொஞ்சம் உப்பு,
தள்ளுவண்டியில சுட்ட சோளம்,
மொளகாப்பொடி எலுமிச்ச தேச்சது.
"எங்கம்மா அப்டியேதான் துண்ணுவா"ன்னான்.
அப்பதான் அழுதான்.
நான் ஆறுதல் சொல்லல. கடையில ஆளில்ல.

ராத்திரி பத்து.
அவன் காசு குடுத்துட்டு எடுக்காத ரெண்டு கிலோ
கூடையில கெடக்குது.
என் வூட்டுக்காரன் செலஸ்டினுக்குக் கல்லறை கெடையாது.
போட்டு வந்துச்சி, ஆளு வரல. பதினாலு வருசம்.
ஊருக்கெல்லாம் பூ வித்தேன்,
எனக்கு ஒரு முழம் வைக்க எடமில்ல.

கல்லு கொட்டின கரையில ஆரம்பிச்சேன்.
பிச்சிப் பிச்சி, வலைக் குவியலச் சுத்தி,
ஐஸ் பாக்டரி செவுத்த ஒட்டி.
குறுக்க எண்ணூர் ரோடு.
கன்டெய்னர் லாரிங்க ஹார்பர் கியூவுல.
ஒருத்தன் தலைய நீட்டுனான்: "இன்னாக்கா, வேண்டுதலா?"
"ஆமா. நவுந்துக்கோ."
எங்க நவுருவான், முன்னால நாப்பது வண்டி.
சக்கரத்துக்குச் சக்கரம் குனிஞ்சி
போட்டுனே வந்தேன் வூடு வரைக்கும்.

விடிஞ்சி பாத்தா ரோட்டுல ஒண்ணுமில்ல.
டயருல ஒட்டினு போயிடிச்சி
மீஞ்சூர், செங்குன்றம், அதுக்கும் அந்தாண்ட.
எந்த வாசனையப் புடிச்சினு
எந்தப் பக்கம் திரும்புவான் மனுசன்?

வாசப்படியில மட்டும் நாலு இதழ்.
ஈரம்.
பைப்புல தண்ணி வுட்ட நாள் அது.
அதான் இருக்கும்.